ஏறு என்றால் ஏறுவேன்

மார்ச் 9, ஞாயிறு

தோற்றோம். ஒரே ஒரு கோல். அது என் பக்கமாகத்தான் போனது, என்னால் போகவில்லை. நாளைக்கு யார் என்ன சொன்னாலும் இந்தப் பக்கத்தில் இது இப்படியே இருக்கட்டும்.

ஹமாசே அணிக்காக நான் ஆடிய முதல் முழு ஆட்டம் இது. ஜப்பான் நாட்டுக் கால்பந்தில் மூன்றாம் பிரிவு. எங்களுக்குக் கீழே விழ இடம் இருக்கிறது, மேலே போகலாம் என்று இங்கே யாரும் பேசிக் கேட்டதில்லை. ஆனாலும் வியாசர்பாடியில் தெருமுனையில் எனக்கு ஃப்ளெக்ஸ் வைத்திருக்கிறார்களாம். தலை மட்டும்தான் என்னுடையது, உடம்பு யாரோ வெள்ளைக்காரனுடையது என்று ஜெபா அக்கா சொன்னாள்.

அவளுக்கு ஃபோனில் விளக்கியது போலவே இங்கும் எழுதுகிறேன். பின்வரிசையில் நாங்கள் நான்கு பேர். நால்வரும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். பந்து உதைக்கப்படுகிற நொடியில் எதிரணிக்காரன் எங்கள் கோட்டைத் தாண்டி நின்றால் ஆஃப்சைட், ஆட்டம் நின்றுவிடும். அவனை அப்படி மாட்டவைக்க, நடுவில் நிற்பவன் நேரம் பார்த்து 'அகேரோ' என்று கத்துவான். ஏறு என்று அர்த்தம். கத்தியதும் நால்வரும் ஒன்றாக முன்னால் ஏற வேண்டும். ஒருவன் பின்தங்கினாலும் போச்சு, எதிரிக்கு வழி திறந்துவிடும்.

இன்று கத்தியது கேப்டன் மொரியாமா. முப்பத்து நாலு வயது. இந்த ஊரிலேயே பிறந்து இந்த அணிக்கே ஆடுகிறவன். ஸ்டேஷன் வாசலில் அவன் படம் இருக்கிறது. அவனுக்கு இடப்பக்கம் நான். அவன் கத்தினான். நான் ஏறினேன். மற்ற இருவரும் ஏறினார்கள். கத்தியவன் ஏறவில்லை. அவன் கால் நகர்வதற்குள் பந்து வந்துவிட்டது. முன்னாட்டக்காரன் எங்கள் இருவருக்கும் நடுவில் புகுந்து ஓடினான். துரத்தியது நான். கோல் விழுந்தபோது அவனுக்கு அருகில் இருந்ததும் நான்தான்.

நாளைக் காலை ஹன்செய்கை. ஆட்டத்துக்கு மறுநாள் எல்லோரும் உட்கார்ந்து வீடியோ பார்த்துத் தங்கள் தவறுகளைச் சொல்லும் கூட்டம்.

மார்ச் 10, திங்கள்

கோல்கீப்பர் ஓனோ போன மாதமே எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார். "கூட்டத்துல முதல்ல மன்னிப்புக் கேட்டுடு, எபி. வீட்டுக்குள்ள நுழையும்போது செருப்பைக் கழட்டுற மாதிரிதான். கேட்டா பெரியவங்க 'இல்ல, என் தப்பு'ன்னு சொல்லுவாங்க. அப்புறம் இன்னொருத்தர் 'இல்ல, என்னுது'ன்னு சொல்லுவார். எல்லாரும் கேட்டு முடிச்சதும் வேலை ஆரம்பிக்கும்."

என் முழுப் பெயர் எபிநேசர். இவர்கள் மொழியில் எபி என்றால் இறால். முதல் நாளில் சிரித்தார்கள், இப்போதும் சிரிக்கிறார்கள்.

பயிற்சியாளர் சகாகி படத்தை ஓடவிட்டு ஓர் இடத்தில் நிறுத்தினார். அவர் நிறுத்திய இடத்தில் ஓடிக்கொண்டிருப்பவன் நான் ஒருவன்தான். மொரியாமா திரையிலேயே இல்லை.

"யாருடையது?" என்றார்.

எழுந்து நின்று இடுப்பு வளையக் குனிந்து, "என்னுடையது. மன்னிக்க வேண்டும்" என்றேன். குனிந்தபடியே மொரியாமா வாய்திறக்கக் காத்திருந்தேன். நாற்காலி ஒன்று நகரும் என்று காது கொடுத்துக் கேட்டேன். நகரவில்லை. நிமிர்ந்தபோது அவன் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அடுத்த தடவை கவனமா இரு" என்றான்.

சகாகி, ஆடுகிற பதினொரு பேரைக் காட்டும் தன் பலகையிலிருந்து என் பெயர் ஒட்டிய காந்தத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். அவ்வளவுதான். செருப்பைக் கழற்றி உள்ளே போனேன். உள்ளே யாரும் இல்லை.

மார்ச் 16

வெளியே உட்கார்ந்தேன்.

மார்ச் 23

வெளியே.

ஏப்ரல் 4, வெள்ளி

என்னுடையது தொழில்முறை ஒப்பந்தம் இல்லை. காலையில் பயிற்சி, மதியத்துக்கு மேல் அணிக்குப் பண உதவி செய்யும் கம்பெனியின் தொழிற்சாலை. மீனை அரைத்துப் பலகையில் அப்பி அவிக்கிற கமபோகோ. நான் அப்புகிறவன், பிறகு பாக்கெட்டில் லேபிள் ஒட்டுகிறவன். டிசம்பரில் முழு ஒப்பந்தம் கொடுத்தால் இங்கே இருப்பேன், கொடுக்காவிட்டால் விசா முடியும், ஊருக்குப் போய் அந்த ஃப்ளெக்ஸைத் தாண்டி வீட்டுக்கு நடக்க வேண்டும்.

மேற்பார்வைக்காரப் பெண் இன்று ஒரு பெட்டியைத் தூக்கி வந்து, "எபி-சான், உங்க சொந்தக்காரங்க வந்திருக்காங்க" என்றாள். பெட்டி நிறைய இறால். வரிசை முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். கெட்ட பெண் இல்லை, மரியாதைக்குச் 'சான்' சேர்த்துத்தான் கூப்பிடுகிறாள்.

மொரியாமாவுக்கும் இதே கம்பெனிதான் சம்பளம் தருகிறது. பாக்கெட்டின் மேல் அவன் முகம். ஒரு நாளைக்கு எத்தனை தடவை அந்த முகத்தை ஒட்டி அனுப்புகிறேன் என்று எண்ணுவதை விட்டுவிட்டேன்.

ஏப்ரல் 20, ஞாயிறு

ஈஸ்டர். அக்கா அழைத்தாள். பின்னால் யாரோ பிரியாணிக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"அப்போ தப்பு அந்தக் கெயவனுது?"

"ஆமாக்கா."

"நீ இன்னாத்துக்கு எந்திரிச்சு சாரி கேட்ட?"

"இங்க அப்டிதான். எல்லாரும் கேப்பாங்க."

"யார் யார் கேட்டா?"

"நான்தான்."

"ஒண்ணு வெச்சுட்டு வந்திருக்க வேணாம்? அட்ச்சுட்டு அப்பறம் கேட்டுக்கலாம்டா சாரியெல்லாம்."

சிரித்தேன். பிறகு சிரிப்பு வரவில்லை.

எனக்குப் பதிமூன்று வயதில் கடற்கரைச் சாலையில் ஒரு பெரிய அகாடமி எங்கள் பகுதிப் பையன்கள் மூன்று பேரை இலவசமாகச் சேர்த்துக்கொண்டது. ஒரு நாள் அங்கே வேறொரு பையனுடைய பூட்ஸைக் காணவில்லை. யாரும் எங்கள் பெயரைச் சொல்லவில்லை. எல்லோரும் எங்களைப் பார்த்தார்கள், அது போதுமாக இருந்தது. துணிக்கடை வேலைக்கு லீவு போட்டுவிட்டு அக்கா வந்தாள். "கேட்டுர்றா எபி, ஒரு வார்த்தைதான, கேட்டா விட்ருவாங்க" என்றாள். கேட்டேன். மறுநாள் அந்தப் பூட்ஸ் அந்தப் பையன் வீட்டுக் காருக்குள்ளேயே கிடைத்தது. அதற்காக யாரும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அடுத்த மாதம் ஒழுக்கம் சரியில்லை என்று என்னை எடுத்துவிட்டார்கள். நான்தான் ஒப்புக்கொண்டேனே.

அக்காவுக்கு அது நினைவில்லை என்று நினைக்கிறேன். ஒரு தடவைகூட அதைப் பற்றி அவள் பேசியதில்லை.

மே 18

வெளியே உட்கார்ந்தேன். தொண்ணூறு நிமிடமும் பந்தைப் பார்க்கவில்லை. மொரியாமாவை மட்டும் பார்த்தேன்.

ஜூன் 12, வியாழன்

மழை. உள்ளரங்கப் பயிற்சி.

மொரியாமாவைப் பற்றித் தெரிந்துகொண்டவை. இடப்பக்கம் திரும்ப அவனுக்கு ஒரு மூச்சு நேரம் ஆகிறது. அதனால் இடப்பக்கம் திரும்ப வேண்டி வராதபடி முன்கூட்டியே நின்றுகொள்கிறான். வெளியிலிருந்து பார்ப்பவர்கள் அதை அனுபவம் என்கிறார்கள். படிக்கட்டில் பக்கவாட்டில் இறங்குகிறான். எல்லோரும் குளித்துப் போன பிறகுதான் குளிக்கப் போகிறான். இன்று நான் சோப்பை மறந்துவிட்டுத் திரும்பிப் போனேன். வெந்நீர்த் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்து இடது காலை நீட்டி, முழங்காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தான். கண்ணை மூடியிருந்தான். காலில் மூன்று வெட்டுத் தழும்புகள்.

இரக்கம் வரவில்லை. எந்தக் கால் என்று குறித்துக்கொண்டேன்.

ஜூலை 6

என் இடத்தில் ஆடுகிற ஆளுக்கு இன்று மொரியாமா தோளில் தட்டிக்கொடுத்தான்.

ஆகஸ்ட் 23, சனி

அந்த ஆளுக்குத் தொடையில் தசை கிழிந்துவிட்டது. காந்தம் பலகைக்குத் திரும்பியது. ஆடினேன்.

வெயில் சென்னை வெயில் மாதிரி. இவர்களெல்லாம் ஐஸ் பையைத் தலையில் வைத்துக்கொண்டு சாகிறார்கள், எனக்கு அப்போதுதான் உடம்பு திறந்தது.

முதல் பாதியில் மொரியாமா கத்தினான். அவன் ஏற மாட்டான் என்று எனக்குத் தெரியும். முன்னால் போவதற்குப் பதிலாகச் சாய்வாகப் பின்னால் போய், அவன் முதுகுக்குப் பின்னால் நின்றேன். பந்து அங்கேதான் வந்தது. எடுத்துக் கொடுத்தேன். மூன்று தடவை இப்படி. ஜெயித்தோம், கோல் விழவில்லை.

நான் ஏன் அவனைக் காப்பாற்றினேன் என்று யோசித்துப் பார்த்தேன். அவனைக் காப்பாற்றவில்லை, என் இடத்தைக் காப்பாற்றிக்கொண்டேன். வேறொன்றும் இல்லை.

என் லாக்கரில் குளிர்ந்த பார்லி டீ பாட்டில் ஒன்று இருந்தது. யாரோ மிச்சமானதை வைத்திருப்பார்கள்.

ஆகஸ்ட் 25, திங்கள்

உள்ளூர்ப் பத்திரிகையை ஓனோ வாசித்துக் காட்டினார். 'ஆபத்தை முன்பே அறியும் மொரியாமாவின் கண்' என்று தலைப்பு. என் பெயர் ஆட்டக்காரர் பட்டியலில் இருந்தது.

கூட்டத்தில் சகாகி என் படத்தை மூன்று தடவை நிறுத்தினார். "எபி, கேப்டன் ஏறச் சொன்னப்போ நீ பின்னால போற. கோடு உடையுது. அதிர்ஷ்டத்துல பந்து உன்கிட்ட வந்துச்சு."

அதிர்ஷ்டம்.

மொரியாமா குறிப்பேட்டைப் புரட்டினான். ஓனோ தரையைப் பார்த்தார்.

செப்டம்பர் 14

ஜெயித்தோம். நாலு தடவை அவன் முதுகுக்குப் பின்னால் போனேன். மறுபடியும் லாக்கரில் பார்லி டீ. யார் வைக்கிறார்கள் என்று கேட்கவில்லை. குடித்தேன். தாகம்.

அக்டோபர் 6, திங்கள்

நேற்று சமன். கூட்டம் முடிந்ததும் சகாகி என்னைத் தனியாக நிறுத்தினார். மரியாதையாகத்தான் பேசினார், இங்கே எல்லோரும் மரியாதையாகத்தான் கழுத்தை அறுக்கிறார்கள்.

"உனக்கு வேகம் இருக்கு. தலையால அடிக்கிற பந்து எல்லாம் உன்னுதுதான். ஆனா கேப்டன் குரலுக்கு நீ கட்டுப்பட மாட்டேங்கிற. அது சரியாகலைன்னா டிசம்பர்ல என்னால உனக்காகப் பேச முடியாது."

"கேப்டன் ஏறுன்னா நான் ஏறணும். அவ்வளவுதானே?"

"அவ்வளவுதான்."

"எப்பவும்?"

"எப்பவும்."

"சரி" என்றேன். குனிந்து வணங்கினேன். குனிந்திருக்கும்போது சிரித்தேன், அவருக்குத் தெரிய வாய்ப்பில்லை.

இத்தனை மாதம் அவனை என்ன செய்வது என்று யோசித்தேன். பயிற்சியில் அந்த முழங்காலில் ஒரு உதை, சைக்கிளில் காற்றைப் பிடுங்குவது, எல்லாம் சின்னப்பிள்ளைத்தனம். இதோ பயிற்சியாளரே கையில் கொடுத்துவிட்டார். நான் எதுவும் செய்ய வேண்டாம். அவன் சொல்வதைச் செய்தால் போதும்.

அக்டோபர் 12, ஞாயிறு

இந்த வாரம் ஆட்டம் இல்லை. அக்காவிடம் சொன்னேன்.

"டேய், நீ பின்னால போவலன்னா கோல் வுழுமே?"

"வுழும்."

"டீமு தோத்துடுமே?"

"தோக்கும்."

"உன்னத் திட்ட மாட்டாங்க?"

"எப்டித் திட்டுவாங்க? சொன்னதத்தான செஞ்சேன்? வீடியோல பாத்தா மூணு பேரு நேரா நிப்போம். அவன் மட்டும் பின்னால நிப்பான். எல்லாரும் பாக்கணும்க்கா. அவன் எந்திரிச்சு நின்னு 'என்னுது'ன்னு சொல்லணும். எனக்கு வேற ஒண்ணும் வேணாம்."

அவள் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"எபி."

"சொல்லு."

"நீ இப்டிப் பேசி நான் கேட்டதே இல்லடா."

"நீதான அட்ச்சுட்டு வான்ன?"

"அட்ச்சா அவனுக்குத் தெரியும்டா நீ அட்ச்சன்னு. திருப்பி அடிப்பான். இது இன்னாது இது?"

மாவு மிஷின் சத்தம் கேட்கிறது, அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை அந்த மாவு மிஷின் ஓடாது.

நவம்பர் 9, ஞாயிறு

செய்துவிட்டேன்.

போன ஆட்டங்களைப் போலவே முதல் பாதியில் மொரியாமா சரியாகக் கத்தினான், சரியாக ஏறினான். எனக்கு எரிச்சல். இரண்டாம் பாதியில் மழை தூறியது, தரை கனத்தது, அவன் இடது காலை இழுக்கத் தொடங்கினான். எழுபதாவது நிமிடத்துக்கு மேல் பந்து எதிரணியின் நடு ஆட்டக்காரனிடம் வந்தது. மொரியாமா கத்தினான்.

ஏறினேன். பயிற்சிப் புத்தகத்தில் படம் போட்டது போல ஏறினேன்.

அவன் நின்ற இடத்திலேயே நின்றான். முன்னாட்டக்காரன் அவனைத் தாண்டிப் போனான், ஆனால் நான் நினைத்த பக்கமாக இல்லை, வலப்பக்கமாக. அங்கே நகாய். பள்ளிக்கூடம் முடித்து இந்த வருடம்தான் வந்த வலது பின்னாட்டக்காரன். திரும்பி உயிரைக் கொடுத்து ஓடினான், சறுக்கிக் காலை விட்டான், பந்துக்குப் பதில் ஆள் விழுந்தான். பெனால்டி. ஒன்றுக்குப் பூச்சியம். தோற்றோம். கடைசி இடத்துக்கு மேலே ஒரே ஒரு படிதான் இருக்கிறோம்.

ஆட்டம் முடிந்ததும் எப்போதும் போல் வரிசையாக நின்று ரசிகர்களுக்கு வணங்கினோம். நகாய் நிமிரவே இல்லை. முதுகைப் பிடித்துத் தூக்க வேண்டியிருந்தது.

பரவாயில்லை. நாளைக் காலை தெரியும்.

நவம்பர் 10, திங்கள்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

சகாகி படத்தை ஓட்டினார். நகாய் காலை விடுகிற இடத்தில் நிறுத்தினார். "யாருடையது?"

மொரியாமாவைப் பார்த்தேன். நகாய் எழுந்துவிட்டான். நெற்றி மேசையில் படும் அளவு குனிந்தான். "என்னுடையது. மன்னிக்க வேண்டும்." குரல் உடைந்திருந்தது.

மொரியாமா திரையைப் பார்த்தான். மார்ச்சில் பார்த்த அதே பார்வை. சகாகியின் கை பலகையில் நகாயின் காந்தத்தைத் தேடிப் போனது.

எழுந்தேன். "பின்னால் போங்க" என்றேன்.

சகாகிக்குப் புரியவில்லை.

"படத்தைப் பின்னால் ஓட்டுங்க. இன்னும். இன்னும். அங்கேதான்."

திரையில் மூன்று பேர் நூல் பிடித்தது போல நிற்கிறோம். ஒருவன் மட்டும் பின்னால், வாய் திறந்தபடி, கை முன்னால் நீட்டியபடி.

"மொரியாமா-சானுடையது" என்றேன். "மார்ச்சில் விழுந்ததும் மொரியாமா-சானுடையதுதான். அன்றைக்கு இந்த இடத்தில் நீங்கள் நிறுத்தவில்லை."

இந்த நாட்டில் இப்படி யாரும் பேசுவதில்லை. யாரோ பேனாவைக் கீழே போட்டான், அதை எடுக்கவும் குனியவில்லை. மொரியாமாவின் காதுகள் சிவந்தன. வாயைத் திறந்தான். இதோ, இதோ என்று காத்திருந்தேன்.

"போதும்" என்றார் சகாகி. ப்ரொஜெக்டரை அணைத்தார்.

மொரியாமா வாயை மூடிக்கொண்டான்.

நவம்பர் 12, புதன்

யாரும் பேசுவதில்லை. பந்தைக்கூட எனக்குக் கடைசியாகத்தான் தருகிறார்கள்.

நகாய் சைக்கிள் நிறுத்தத்தில் வழி மறித்தான். நன்றி சொல்லப் போகிறான் என்று நினைத்தேன்.

"ஏன் அப்படிச் செஞ்சீங்க? நான் கேட்டு முடிச்சிருப்பேன். இப்போ என்னைக் காரணமா வெச்சு கேப்டனை அவமானப்படுத்திட்டீங்கன்னு எல்லாரும் பேசுறாங்க."

"உன் காந்தத்தை எடுத்திருப்பாங்கடா."

"எடுத்தா எடுக்கட்டும். ரெண்டு ஆட்டம். அப்புறம் வைப்பாங்க."

"எனக்கு வைக்க ஆகஸ்ட் ஆச்சு."

அவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். "நீங்க வேற, நாங்க வேற" என்றான். மரியாதையாகத்தான் சொன்னான். தலையைக்கூட லேசாகக் குனிந்துவிட்டுப் போனான்.

நவம்பர் 15, சனி

ஓனோ காரில் தொழிற்சாலை வரை கொண்டுவிட்டார். இறங்கப் போகும்போது கதவுப் பூட்டைத் திறக்கவில்லை.

"எபி, ஒண்ணு கேக்கிறேன். நீ ஏறுறதுக்கு முன்னால அவனைத் திரும்பிப் பார்த்த."

"இல்ல."

"பார்த்த. நான் கோல்கீப்பர். எனக்கு உங்க முதுகும் தெரியும், தலை திரும்புறதும் தெரியும். ஆகஸ்ட்லேர்ந்து நீ பார்த்துட்டுப் பின்னால போவ. அன்னிக்குப் பார்த்துட்டு முன்னால போன."

"சகாகி-சான் சொன்னதைச் செஞ்சேன்."

"ஆமா. அதைத்தான் சொல்றேன்."

"போய்ச் சொல்லுங்க, வேணும்னா."

"சொல்ல மாட்டேன்" என்றார். "எப்படி மன்னிப்புக் கேக்கணும்னு உனக்குச் சொல்லிக்கொடுத்தது நான்தான். யாரும் பதில் சொல்லலைன்னா என்ன பண்ணணும்னு சொல்லிக்கொடுக்கல."

பூட்டைத் திறந்தார். அன்று ஒட்டிய பாக்கெட்டுகளில் பாதி கோணலாகப் போனது. மேற்பார்வைக்காரப் பெண் திரும்ப ஒட்டச் சொன்னாள்.

நவம்பர் 20, வியாழன்

கிளப் அறிவித்துவிட்டது. இந்தப் பருவத்தோடு மொரியாமா ஓய்வு. கடைசி ஆட்டம் முடிந்ததும் மைதானத்திலேயே விழா. ஸ்டேஷன் வாசலில் இருக்கும் படத்துக்குக் கீழே ஏற்கனவே பூ வைத்திருக்கிறார்கள்.

இதைத்தான் கேட்டேனா? ஆமாம் என்று எழுத வேண்டும். ஆமாம்.

நவம்பர் 30, ஞாயிறு

தோற்காமல் இருந்தால் பிரிவில் தங்கலாம். தோற்கவில்லை. பூச்சியத்துக்குப் பூச்சியம். மொரியாமாவுக்குப் பதில் நடுவில் என்னை நிறுத்தினார்கள், கத்தியது நான். மொரியாமா வெளியே உட்கார்ந்திருந்தான். ஆட்டத்தைப் பற்றி வேறொன்றும் எழுதத் தோன்றவில்லை, பின்னால் நடந்ததைத்தான் எழுத வேண்டும்.

விளக்குகள் எரிந்தன. நாங்கள் வரிசையாக நின்றோம். ஊரே வந்திருந்தது, கமபோகோ வரிசைப் பெண்கள் எல்லோரும். அவன் கோட்டு சூட்டு போட்டு மைக் முன்னால் வந்தான். மனைவி, அம்மா, மருத்துவர்கள் என்று எல்லோருக்கும் நன்றி சொன்னான். பிறகு காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டான்.

"இந்த வருடம் இரண்டு கோல்களைப் பற்றிச் சொல்லாமல் என்னால் போக முடியாது. மார்ச்சில் ஒன்று. நவம்பரில் ஒன்று. இரண்டும் என்னுடையவை. என் கால் வரவில்லை, அதை நான் மறைத்தேன். மார்ச்சில் எனக்கு இளையவர் ஒருவர் எழுந்து நின்று தன்னுடையது என்று சொன்னார். நான் உட்கார்ந்திருந்தேன். நவம்பரில் இன்னொருவர் எழுந்தார். அப்போதும் உட்கார்ந்திருந்தேன். மன்னிக்க வேண்டும்."

குனிந்தான். ரொம்ப நேரம் குனிந்திருந்தான். வலிக்கிற காலோடு.

எட்டு மாதமாக நான் கேட்ட வார்த்தை. கூட்ட அறையில் இருபது பேருக்கு முன்னால் சொன்னால் போதும் என்றிருந்தேன், ஊருக்கே ஒலிபெருக்கியில் சொல்லிவிட்டான்.

கைதட்டல் தொடங்கியது. நிற்கவில்லை. பெண்கள் அழுதார்கள். கிழவர்கள் அழுதார்கள். அவன் பெயரைப் பாட்டாகப் பாடினார்கள். யாரோ மேலிருந்து, "நீதான்டா கேப்டன்" என்று கத்தினான், எனக்கு அந்த அளவு ஜப்பானிய மொழி வந்துவிட்டது. நகாய் என் பக்கத்தில் தேம்பித் தேம்பி அழுதான்.

இதே வார்த்தையை நான் சொன்னேன், என் இடம் போனது. பதிமூன்று வயதில் சொன்னேன், என்னைத் திருடனாக்கி அனுப்பினார்கள். அவன் சொன்னான், பூ கொடுக்கிறார்கள். மேலே இருக்கிறவன் குனிந்தால் அது பெருந்தன்மை. கீழே இருக்கிறவன் குனிந்தால் அது ஒப்புதல் வாக்குமூலம். எந்த ஊராக இருந்தாலும் இதுதான்.

நான் கைதட்டவில்லை. கேமரா என் பக்கம் வந்தபோதும் தட்டவில்லை.

பிறகு மொரியாமா வரிசையில் ஒவ்வொருவரிடமும் வந்து கைகொடுத்தார். என்னிடம் வந்தார். கையைப் பிடித்தார், விடவில்லை. எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்.

"மார்ச் என்னுடையது. நவம்பர்?"

அவர் கண்ணில் கோபம் இல்லை. அதுதான் பிடிக்கவில்லை. கோபம் இருந்தால் பதில் சுலபம்.

"ஏறுன்னீங்க" என்றேன். "ஏறினேன்."

தலையை ஆட்டினார். இன்னும் எதையோ எதிர்பார்ப்பவர் போலக் கொஞ்சம் நின்றார். பின்னால் கைதட்டல் ஓயவே இல்லை. எனக்கு அடுத்து நின்ற நகாய் அவருக்காகக் கையை நீட்டிக்கொண்டே நின்றான்.

நான் கையை உருவிக்கொண்டேன்.

டிசம்பர் 1, திங்கள்

அக்கா அழைத்தாள். எடுக்கவில்லை.

டிசம்பர் 2, செவ்வாய்

எடுத்தேன்.

"சொன்னானா?"

"சொன்னான். மைக்ல."

"அப்போ சரி. ஆச்சில்ல? தூங்குனியா?"

"தூங்குனேன்."

"பொய் சொல்லாத" என்றாள். பிறகு, நான் எதுவும் கேட்காமலே, "அன்னிக்கு நான் உன்ன கேக்கச் சொல்லிருக்கக் கூடாதுடா" என்றாள். எந்த அன்றைக்கு என்று நான் கேட்கவில்லை. சிக்னல் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன்.

டிசம்பர் 11, வியாழன்

கிளப் அலுவலகம். சகாகியும் மேலாளரும். மேசையில் முழு ஒப்பந்தம், இரண்டு வருடம். இனித் தொழிற்சாலை இல்லை. அடுத்த வருடமும் நடுவில் நான்தான், கோட்டை ஏற்றுவது என் குரல்தான் என்றார் சகாகி.

"ஒரு விஷயம் உனக்குத் தெரியணும். நான் உன்னை எடுக்க வேண்டாம்னுதான் இருந்தேன், அந்தக் கூட்டத்துக்கு அப்புறம். மொரியாமா-சான் மூணு தடவை வந்தார். ஆகஸ்ட்லேர்ந்து தன் முதுகைப் பார்த்துக்கிட்டது நீதான்னு சொன்னார். ஒவ்வொரு ஆட்டமா படத்தை ஓட்டிக் காட்டினார்."

"நவம்பர் ஆட்டத்தையுமா?"

"அதை மட்டும் போட வேண்டாம்னார்."

அறை சூடாக இருந்தது. ஹீட்டரை அதிகமாக வைத்திருக்கிறார்கள். மொரியாமாவிடம் ஏதாவது சொல்ல வேண்டுமா, தொலைபேசி எண் தரட்டுமா என்று மேலாளர் கேட்டார்.

"பேனா கொடுங்க" என்றேன்.